முதலில் கேட்பவன் தோற்றவன்

நிலாவில் ஏதென்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. சிரிக்க வேண்டாம். அதற்கு எதிரே, ஒரு சமவெளி தள்ளி, ஸ்பார்ட்டா என்று இன்னோர் ஊரும் இருக்கிறது. பூமியில் வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கி அலுத்துப்போன பணக்காரர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து கட்டிய கண்ணாடிக் கூடுகள் இவை. பெயர் வைக்கும்போது யாரோ பழைய கிரேக்க வரலாற்றைப் புரட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு ஊரும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கடைசியில் இரண்டுமே ஓய்ந்துபோன பக்கம் வரைக்கும் யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது.

நான் ஏதென்ஸில் சபை மண்டபத்தில் கிண்ணம் தூக்குகிறவன். பெயர் ரெமிஜியுஸ், ஊர் பாம்பன். ஏதென்ஸின் குடிமக்கள் படுக்கை விரிப்பு மாதிரி ஒரு வெள்ளைத் துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் கலந்த திராட்சை மதுவைக் குடித்தபடி, அழகு என்றால் என்ன, நீதி என்றால் என்ன என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கிண்ணம் காலியானால் விரலைச் சொடுக்குவார்கள். நீதியைப் பற்றிப் பேசும்போதும் சொடுக்குவார்கள். ஸ்பார்ட்டாக்காரர்களுக்குச் சிவப்புப் போர்வை. அவர்கள் வேண்டுமென்றே கட்டாந்தரையில் படுத்து, வாயில் வைக்க முடியாத ஒரு கறுப்புக் கஞ்சியைக் குடித்து, தாங்கள் வீரர்கள் என்று தங்களுக்கே சொல்லிக்கொள்வார்கள். அந்தக் கஞ்சியைக் காய்ச்சுவதற்கும் ஆள் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு ஊருக்கும் சமைப்பது, துவைப்பது, காற்றுக் குழாய் துடைப்பது எல்லாம் எங்கள் சனம்தான். ஏதென்ஸில் பாம்பன், தங்கச்சிமடத்து ஆட்கள். ஸ்பார்ட்டாவில் மன்னார், பேசாலை ஆட்கள். பூமியில் எங்களுக்கு நடுவில் கடல் இருந்தது. இங்கே தூசி இருக்கிறது.

இரண்டு ஊருக்கும் சண்டை ஒரு பள்ளத்துக்காக. அதன் அடியில் பனிக்கட்டி இருக்கிறது. குண்டு, துப்பாக்கி எதுவும் கூடாது, கண்ணாடி விரிசல் விட்டால் எல்லோரும் காலி. அதனால் கிரேக்க முறைப்படி சண்டை போடலாம் என்று முடிவு செய்தார்கள். வரிசையாக நின்று, கேடயத்தோடு கேடயம் மோதி, நீளக் கழியால் குத்தித் தள்ளுவது. யார் வென்றது என்று சொல்ல ஓர் இயந்திரம் வைத்தார்கள். அதற்குப் பெயர் நடுவர். அது யாருக்கும் சொந்தமில்லை, யார் சொன்னாலும் மாறாது, அவரவர் காதில் அவரவர் மொழியில் பேசும்.

நடுவருக்கு அவர்கள் ஊட்டிய சட்டம் இதுதான். பழைய கிரேக்கத்தில் சண்டை முடிந்ததும், விழுந்துகிடக்கும் தன் ஆட்களைத் தூக்கிக்கொள்ள எவன் எதிரியிடம் அனுமதி கேட்கிறானோ அவன் தோற்றவன். இங்கும் அதே. ஒரு குடிமகன் கேட்கும்வரை இரண்டு ஊர்க் கதவும் பூட்டியிருக்கும். சாவி நடுவரிடம். கேட்டவன் ஊர் தோற்றது, பள்ளம் மற்றவனுக்கு. எப்போது கதவு திறக்கலாம் என்று வென்றவன் சொல்வான்.

சட்டத்தை எழுதியவர்களுக்கு இது ரொம்ப உயர்ந்த விஷயமாகத் தோன்றியிருக்க வேண்டும். தன் ஆளை எவன் வெளியே போட்டு வைப்பான், யாராவது ஒருவன் சீக்கிரம் கேட்டுவிடுவான், சண்டை முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். தங்களைப் பற்றி அவர்களுக்கே தெரியவில்லை. அந்தக் காலத்துக் கிரேக்கனாவது தன் கேடயத்தைத் தானே தூக்கினான். விழுந்து கிடந்தவன் அவன் தம்பியாக, பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தான். இவர்கள் கேடயத்தை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஆலிவ் காய் தின்றுகொண்டு பார்த்தார்கள்.

சண்டை எப்படி நடந்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை. தள்ளினார்கள், தள்ளப்பட்டார்கள், தூசி எழுந்தது, இரண்டு வரிசையும் உடைந்தது. ஓட முடிந்தவர்கள் அவரவர் கதவுக்கு ஓடிவந்தார்கள். முடியாதவர்கள் சமவெளியில் கிடந்தார்கள். அதில் ஒருவன் சவேரியான். என்னோடு ஒரே கப்பலில் வந்தவன், பாம்பனில் சங்கு குளித்தவன்.

அவர்கள் போட்டிருந்த சட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உறைச்சட்டை என்போம். உள்ளே காற்று குறைந்தாலோ ஆள் அடிபட்டாலோ, அது அவனை வெளியிலிருக்கும் குளிரைக் கொண்டே மெல்ல உறையவைத்துத் தூங்கப்போடும். மூச்சு நின்றுவிடும், ஆனால் ஆள் சாகமாட்டான். உள்ளே கொண்டுவந்து மருத்துவ அறையில் முறையாகச் சூடேற்றினால் எழுந்துவிடுவான். எழுப்ப முடிகிற வரைக்கும் தோளில் ஒரு பச்சை விளக்கு எரியும். நிலாவில் இரவு நீளம், குளிருக்குப் பஞ்சமில்லை. ஆனால் சூரியன் வந்துவிட்டால் அந்தச் சமவெளி அடுப்பு. சட்டை தாங்காது. விளக்கு அணைந்துவிடும்.

அப்போது சூரியன் வர அதிக நாள் இல்லை. சமவெளியில் பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஏதென்ஸ் கேட்கவில்லை. ஸ்பார்ட்டாவும் கேட்கவில்லை.

சவேரியானின் மனைவி பிரகாசி சட்டை அறையில் வேலை செய்கிறாள். உறைச்சட்டைகளைக் கழுவி, ஓட்டை பார்த்து, காற்று நிரப்புகிற வேலை. அவள் என்னை இழுத்துக்கொண்டு நந்தோக்ளீஸைப் பார்க்கப் போனாள்.

இந்த நந்தோக்ளீஸ் சென்னைக்காரர். சொந்தப் பெயர் நந்தகோபன். குடியுரிமை கிடைத்ததும் பெயருக்குக் கிரேக்க வால் ஒட்டிக்கொண்டார். சபையின் முதல் பேச்சாளர். எங்களைப் பார்த்தால் மட்டும் தமிழ் பேசுவார். நாங்கள் அதற்கு நன்றியோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

"சார், வெளக்கு எரியுது சார். உசுரோட இருக்காரு," என்றாள் பிரகாசி.

"சட்டப்படி அவர் விழுந்தவர்மா. விழுந்தவர்னா விழுந்தவர்தான்."

"சட்டத்துக்குக் கண்ணு தெரியாதா சார்? ஜன்னல்ல நின்னு பாத்தா பச்சையாத் தெரியுது."

"உக்காரு, உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். கிரேக்கத்துல ஒரு தளபதி இருந்தார். நம்ம ஏதென்ஸ்காரர்."

நம்ம என்றபோது தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

"சண்டைல ஜெயிச்சார். வெற்றிக் கம்பம் நட்டு, கப்பல்லயும் ஏறியாச்சு. அப்புறம் பாத்தா ரெண்டு பேரோட உடம்பு விட்டுப்போச்சு. அவர் என்ன பண்ணார் தெரியுமா? எதிரிகிட்ட ஆள் அனுப்பி அந்த ரெண்டு உடம்பையும் கேட்டார். கேட்டாரா, அவ்வளவுதான். ஜெயிச்ச சண்டை தோத்ததா ஆயிடுச்சு."

"நல்ல மனுஷன்."

"அங்கதான் தப்பு பண்றே. அந்த மாதிரி மென்மையான ஆளுங்களாலதான் ஏதென்ஸ் கடைசில அழிஞ்சுது. நாங்க அந்தத் தப்பைத் திரும்பப் பண்ண மாட்டோம்."

பிரகாசி உட்காரவே இல்லை.

"செத்த உடம்பு ரெண்டுக்காக அவரு கேட்டாரு. உசுரோட இருக்கறவங்களுக்கு நீங்க கேக்க மாட்டீங்க. அப்ப அவரு ஏதென்ஸுன்னா, நீங்க எந்த ஊரு சார்?"

"ஸ்பார்ட்டா கேட்டுடும்மா. பொறுமையா இரு. அவங்களுக்கு நம்ம அளவுக்கு உறுதி கிடையாது."

ஸ்பார்ட்டாவில் எவனோ ஒருவன் அதே நேரத்தில் இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பான்.

திரும்பி வரும் வழியில் சபை மண்டபம் காலியாக இருந்தது. பிரகாசி என்னைக் கேட்கவில்லை. நேராக உள்ளே போய், நடுவரோடு பேசுகிற வாய்க்குழாயைப் பிடித்தாள்.

"நடுவரே, எம்புருசனத் தூக்கணும். கேக்குறேன். தோத்ததா வச்சுக்குங்க. கதவத் தெறங்க."

"நீங்கள் குடிமகள் அல்ல. உங்கள் வேண்டுதல் பதிவாகாது," என்றது நடுவர், ரொம்ப மரியாதையாக.

"அடப் பாவி மெசினே," என்றாள் பிரகாசி.

"இதுவும் பதிவாகாது," என்றது அது.

அதற்கு அடுத்து ஸ்பார்ட்டாக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். நடுவர் வழியாக எல்லோரும் கேட்கும்படி ஏதென்ஸுக்கு ஒரு செய்தி அனுப்பினார்கள். அவர்கள் செய்தி எப்போதும் ஒரு வரிதான், நீளமாகப் பேசினால் வீரம் குறைந்துவிடுமாம். "உங்களுக்காக விழுந்தவர்களில் ஏதென்ஸ்காரன் ஒருவனைக் காட்டுங்கள்" என்று இருந்தது அந்த வரி.

சபை கொதித்தது. எங்கள் ஆட்கள் வெளியே கிடப்பதற்குக் கொதிக்காதவர்கள் இதற்குக் கொதித்தார்கள். ஸ்பார்ட்டாவுக்காக விழுந்ததும் மன்னார்க்காரர்கள்தானே என்று யாருக்கும் தோன்றவில்லை. பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று விடிய விடிய, அதாவது அவர்கள் கடிகாரப்படி விடிய விடிய, பேசினார்கள். கடைசியில் நந்தோக்ளீஸ் எழுந்து ஒரு யோசனை சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்க்க வேண்டுமே.

இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எங்களையெல்லாம் மண்டபத்துக்கு வரச்சொல்லி, பிரகாசியையும் மற்ற வீட்டுக்காரர்களையும் முன்வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஆலிவ் கிளை கொடுத்தார்கள். நந்தோக்ளீஸ் பேசினார். வீரனுக்கு உலகம் முழுவதுமே கல்லறை என்ற மாதிரி என்னென்னவோ சொன்னார். அழ வேண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்தினார். குடிமக்கள் விரிப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கண்ணாடிக்கு வெளியே, அவர் கை நீட்டிய திசையில், செத்ததாக அவர் அழுத ஆட்களின் விளக்குகள் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

கடைசியில் குரலை உயர்த்தினார். "இன்று முதல் சமவெளியில் விழுந்துகிடக்கும் நம் ஒவ்வொருவனும் ஏதென்ஸின் குடிமகன்! சட்டம் தரும் எல்லா உரிமையும் உடைய குடிமகன்! நடுவரே, பதிவு செய்!"

"பதிவானது," என்றது நடுவர்.

கைதட்டினார்கள். அடுத்த நாளே ஸ்பார்ட்டாவும் தன் பக்கம் விழுந்த மன்னார்க்காரர்கள் எல்லோரையும் குடிமக்களாக்கியது. ஏதென்ஸ் செய்த ஒன்றைத் தான் செய்யாமல் இருக்க அதனால் முடியாது. அவர்கள் இரங்கல் உரை ஒரே வரி. அந்த வித்தியாசத்துக்காகத்தான் இவர்கள் இரண்டு ஊர்.

கூட்டம் முடிந்ததும் பிரகாசி என் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, பதிவானதுன்னு சொல்லுச்சுல்ல?"

"சொல்லுச்சு."

"செத்துட்டாருன்னு பதிவாச்சா?"

"இல்ல. விழுந்தவருன்னுதான்."

"அப்ப அவரு குடிமகன். உசுரும் இருக்கு. அவரு வாயத் தொறந்து கேட்டா அது காதுல ஏறும்ல?"

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. சட்டை அறையிலிருந்து உறைச்சட்டையை எழுப்ப முடியும். ஒரு பொத்தான். உள்ளே இருப்பவன் கண் விழிப்பான், சட்டை அறையோடும் நடுவரோடும் பேசுவான். ஆனால் அப்படி வெளியிலேயே எழுப்பினால் சட்டை திரும்ப உறையாது. மிச்சமிருக்கும் கொஞ்சக் காற்றில் அவன் மூச்சு விட வேண்டும். சீக்கிரம் ஆள் போய்த் தூக்கினால் பிழைப்பான். இல்லாவிட்டால் போய்விடுவான். மற்றவர்களையெல்லாம் உறைந்தபடியே தூக்கிவரலாம், அவர்களுக்கு ஆபத்தில்லை. எழுப்பப்படுகிற அந்த ஒருவனுக்குத்தான் ஆபத்து.

சட்டை அறையில் இன்னொரு வசதி இருந்தது. இரண்டு ஊர்ச் சட்டையும் ஒரே ஆலையில் செய்தவை. அதனால் எங்கள் சட்டை அறையும் ஸ்பார்ட்டாவின் சட்டை அறையும் ஒரு பேச்சுக் குழாய் வழியாகப் பேசிக்கொள்ளலாம். குடிமக்கள் யாருக்கும் அது தெரியாது, துவைக்கிற இடத்துக்கு அவர்கள் வருவதில்லை. அந்தப் பக்கம் வேலை செய்கிறவர் அருளப்பு, பேசாலைக்காரர். பிரகாசியும் அவரும் வந்த நாளிலிருந்து பேசிப் பழக்கம். அவர் மகன் டிலக்சனும் வெளியே கிடந்தான், சவேரியானுக்குக் கை எட்டும் தூரத்தில். மோதியவர்கள் ஒன்றாகத்தானே விழுவார்கள்.

மறுநாள் பிரகாசி அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அருளப்புவுக்கு உடனே புரிந்தது.

"ஓம் தங்கச்சி. எங்கட ஆக்களையும் பதிஞ்சு போட்டாங்கள். ஆராவது ஒராள் எழும்பிக் கேட்டாக் காணும். ரெண்டு பக்கக் கதவும் திறக்கும்."

"ஆமாண்ணே. ஒருத்தர் போதும்."

"ஓம். ஒராள் காணும்."

 கழுவி மாட்டியிருந்த சட்டைகளை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டிலக்சன் சின்ன வயசுண்ணே," என்றாள் பிரகாசி மெதுவாக. "நெஞ்சு நல்லா இருக்கும். மூச்சுத் தாங்கும்."

"அவனுக்குச் சின்னனிலயே இழுப்பு, பிள்ள. உங்கட மனுசன் சங்கு குளிச்சவர் எண்டு நீங்கதானே சொன்னனீங்கள். முங்கிப் பழகின ஆள். அவருக்கெல்லோ மூச்சுத் தாங்கும்."

"அது பழைய கதைண்ணே. இங்க வந்து எவ்வளவு நாளாச்சு."

"அப்ப யோசிப்பம்."

"சரிண்ணே. யோசிப்போம்."

அவள் குழாயை வைத்தாள். வெள்ளை விரிப்புக்காரர்களைப் பார்த்துக் காறித் துப்பிக்கொண்டிருந்தவன் நான். நீ முதலில் கேள், நீ முதலில் கேள் என்று இந்த அறையிலும் அதே நோய் நுழைந்துவிட்டதைப் பார்த்தபோது எனக்குத் துப்ப இடமில்லை.

"நீங்க போங்கண்ணே," என்றாள் பிரகாசி. "சபை கூடியிருக்கும். கிண்ணத்தத் தூக்கலன்னா தேடுவானுங்க."

"நீ என்ன செய்யப்போற?"

"நம்ம ஆளுங்களச் சட்ட போட்டுக் கதவுகிட்ட நிக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்காதீங்க."

சொன்னேன். அவர்கள் போய் நின்றார்கள். நான் மண்டபத்துக்குப் போனேன்.

சபையில் அன்றைய விவாதம், இரங்கல் உரையைக் கல்லில் பொறிப்பதா வெண்கலத்தில் பொறிப்பதா என்பது. கிழக்குப் பக்கம் மலைகளின் உச்சி வெளுக்கத் தொடங்கியிருந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கல்தான் கிரேக்கம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கூரையிலிருந்து ஓர் இளைஞனின் குரல் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான்.

"நான்... டிலக்சன். ஸ்பார்ட்டாக் குடிமகனாம். அப்பா சொன்னவர். எங்கட ஆக்களத் தூக்க விடுங்கோ. கேக்கிறன்."

"ஸ்பார்ட்டாவின் குடிமகன் கேட்டான்," என்றது நடுவர். "ஸ்பார்ட்டா தோற்றது. கதவு திறக்கும் நேரத்தை வென்ற ஏதென்ஸ் சொல்லட்டும்."

மண்டபம் ஆடியது. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், கிண்ணத்தை வீசினார்கள், இரண்டு பேர் விரிப்பு அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் குதித்தார்கள். நானும் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. அருளப்பு தன் மகனை எழுப்பிவிட்டார், பிரகாசிக்கு இனி எழுப்ப வேண்டிய அவசியம் இல்லை, கதவு திறந்துவிடும் என்று நினைத்தேன்.

நந்தோக்ளீஸ் கை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். "நண்பர்களே! முறை தவறக்கூடாது. முதலில் வெற்றிக் கம்பம். அதற்குப் பிறகுதான் கதவு. கிரேக்கத்தில் அதுதான் வரிசை."

எந்த இடத்தில் கம்பம் நடுவது என்று பேசினார்கள். அதில் யாருடைய கேடயத்தை மாட்டுவது என்று பேசினார்கள். கேடயங்களெல்லாம் வெளியே கிடக்கின்றனவே என்றார் ஒருவர். அப்படியானால் உள்ளேயே புதிதாக ஒன்று செய்யலாம் என்றார் இன்னொருவர். அதில் என்ன எழுதுவது என்று ஆரம்பித்தார்கள். கதவைத் திறங்கள் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். கூரையிலிருந்து அந்தப் பையனின் இழுப்பு அவ்வப்போது கேட்டது. சபைத் தலைவர் அதைக் குறைத்து வைக்கச் சொன்னார்.

பிறகு சபை வழக்கப்படி, வாசகத்தைப் பற்றி வாக்கெடுப்புக்கு முன்னால், தலைவர் எழுந்து கேட்டார். "பேச விரும்புபவர் யார்?"

ஏதென்ஸில் இது ஒரு சடங்கு. எந்தக் குடிமகனும் பேசலாம் என்பதைக் காட்டக் கேட்பார்கள். நந்தோக்ளீஸ்தான் எப்போதும் எழுந்திருப்பார்.

"நான் பேசுறேன்," என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"யாரது?" என்றார் தலைவர்.

"சவேரியான். வெளிய கெடக்கேன்."

பிரகாசியும் எழுப்பிவிட்டிருந்தாள். அருளப்பு எழுப்பினாரா என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவரும் இவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒருவர் போதும் என்று இருவருக்கும் தெரியும், இருவருமே பொத்தானை அழுத்திவிட்டார்கள்.

நந்தோக்ளீஸுக்குத்தான் முதலில் புரிந்தது. ஓடிப்போய் வாய்க்குழாயைப் பிடித்துத் தமிழில் பேசினார். "சவேரியான்! நல்லா இருக்கியாப்பா? கேளு, நாம ஜெயிச்சாச்சு. நீ ஒண்ணும் பேச வேண்டாம். கம்பம் நட்டதும் முதல் ஆளா உன்னத்தான் தூக்குவோம்."

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"கொஞ்சம் வேலை இருக்கு. சூரியன் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

"எனக்குத் தாங்கும் சார். சின்னதா மூச்சு விட்டு இருந்துக்குவேன். பக்கத்துல ஒரு பையன் கெடக்கான். அவனுக்கு இழுக்குது. தாங்காது."

"அவன் ஸ்பார்ட்டாக்காரன்!"

"அப்படியா? மன்னாருன்னு சொன்னான்."

"சவேரியான், நீ இப்ப குடிமகன். நகரத்தோட மானம் உன் வாயில இருக்கு. வாயத் தொறக்காத!"

"நீங்க தொறங்க சார், நான் ஏன் தொறக்கப்போறேன். கதவத் தொறன்னு ஒரு வார்த்த. சொல்லுங்க."

நந்தோக்ளீஸ் தலைவரைப் பார்த்தார். தலைவர் வாசகத்தை வைத்திருந்தவரைப் பார்த்தார். அவர் பாதி எழுதிய பலகையைப் பார்த்தார். யாருக்கும் அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

சவேரியான் காத்திருந்தான். எவ்வளவு மூச்சைச் செலவழித்துக் காத்திருந்தான் என்று அவனுக்குத்தான் தெரியும். பிறகு நிதானமாகச் சொன்னான்.

"நடுவரே, ஏதென்ஸ் குடிமகன் சவேரியான் கேக்குறேன். எங்க ஆளுங்களத் தூக்கிக்கிறோம். நாங்களும் தோத்துட்டோம்."

"ஏதென்ஸ் தோற்றது," என்றது நடுவர். கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. "வென்றவர் எவரும் இல்லை. காக்கவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. கதவுகள் திறக்கின்றன."

தரை அதிர்ந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எங்கள் கதவிலிருந்து எங்கள் ஆட்கள் ஓடினார்கள், எதிர்க் கதவிலிருந்து அவர்கள் ஓடினார்கள். நிலாவில் ஓடுவது என்றால் துள்ளித் துள்ளிப் போவதுதான், பார்க்கச் சிரிப்பாக இருக்கும். நான் சிரிக்கவில்லை. நடுவில் ஒரு கும்பலாகக் குனிந்தார்கள். அருகில் கிடந்தவனை அருகில் வந்தவன் தூக்கினான், எந்த ஊர் என்று பார்க்கவில்லை. டிலக்சனை முதலில் தூக்கியது எங்கள் தங்கச்சிமடத்து ஆள், சவேரியானைத் தூக்கியது இரண்டு பேசாலைக்காரர்கள். சூரியன் சமவெளியைத் தொடும்போது எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள், டிலக்சனும் மூச்சோடு வந்து சேர்ந்தான். எழுப்பப்படாமல் கிடந்த வேறு இருவரின் விளக்குகள் மட்டும், யாரும் கவனிக்காத ஏதோ ஒரு நேரத்தில், அதற்கு முன்பே அணைந்திருந்தன. ஒன்று எங்கள் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். அவர்களுக்கு யாரும் உரை நிகழ்த்தவில்லை.

பள்ளம் யாருக்கும் இல்லை என்று ஆகிவிட்டது. இரண்டு ஊர்க் குடிமக்களும் இப்போது யார் பிந்தித் தோற்றது என்பதை வைத்து, அந்த வகையில் யார் உயர்ந்தவர் என்று நடுவரிடம் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். ஏதென்ஸ் பிந்தித் தோற்றதாம். அது கிட்டத்தட்ட வெற்றியாம்.

ஆனாலும் சவேரியானைச் சும்மா விட அவர்களுக்கு மனம் வரவில்லை. கையில் கிடைத்த வெற்றியை அவன் ஒருவன் தட்டிவிட்டான். குடிமகன் என்பதால் அவனைக் கூலியாளைப் போல அடித்து அடைக்கவும் முடியாது. நந்தோக்ளீஸ் புத்தகத்தைப் புரட்டி அதற்கும் ஒரு கிரேக்க வழி கண்டுபிடித்தார். பழைய ஏதென்ஸில் ஊருக்கு ஆகாதவன் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். ஓடு அதிகம் விழுந்தவன் பத்து ஆண்டுகள் ஊரைவிட்டுப் போக வேண்டும். இங்கே மண்பானை ஏது? நல்ல காப்பிக் கோப்பைகளைக் கொண்டுவரச் சொல்லி, ஆளுக்கொன்றாக உடைத்து, அதில் கீறினார்கள். கூட்டி அள்ளியது நான்தான். பாதிப் பேருக்கு அவன் பெயர் நினைவில்லை, 'அந்த ஆள்' என்று கீறியிருந்தார்கள்.

தீர்ப்பைப் படிக்கும் நாளில் சவேரியான் பிரகாசியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். இடது காலில் விரல்கள் இல்லை, குளிர் தின்றுவிட்டது. குரலும் தேய்ந்திருந்தது. எங்கள் ஆட்கள் சுவரோரமாக நின்றார்கள். எங்கள் யாருக்கும் இங்கிருந்து போக அனுமதி கிடையாது. போர்க்காலம் முடியட்டும் என்பார்கள், போர்க்காலம் முடிந்ததே இல்லை.

"சவேரியான்," என்றார் நந்தோக்ளீஸ், இரங்கல் உரையில் குரலைத் தாழ்த்திய அதே இடத்தில் தாழ்த்தி. "நீ இந்த நகரத்திலிருந்து வெளியேற்றப்படுகிறாய். உன் வீட்டாரும் உன்னோடு வெளியேற வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு நீ ஏதென்ஸின் முகத்தைப் பார்க்கக்கூடாது."

"வெளியேறும் குடிமகனை அவன் சொந்த ஊர்வரை கொண்டு சேர்ப்பது நகரத்தின் கடமை," என்றது நடுவர். "பதிவானது."

சுவரோரத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். "அண்ணே," என்றான் என் பக்கத்தில் நின்றவன் காதோடு, "நம்மளயும் கொஞ்சம் துரோகின்னு எழுதச் சொல்லுங்களேன்."

பிரகாசி புருஷனின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவன் ஏதோ கணக்குப் போடுகிறவன் மாதிரி தலையைச் சாய்த்து நின்றான்.

"பத்து வருஷம் முடிஞ்சா, சார்?" என்று கேட்டான்.

நந்தோக்ளீஸின் முகம் இளகியது. கெஞ்சுகிறான் என்று நினைத்திருப்பார். "முடிஞ்சா திரும்பி வரலாம்பா. அது உன்னோட உரிமை. அத யாரும் பறிக்க முடியாது."

"கட்டாயம் இல்லையே?"

இதற்குக் கிரேக்கத்தில் முன்மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறவர் போல நந்தோக்ளீஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.